காலப் பிரபுக்களும் தேதி கேட்பவர்களும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவில் வேற்றுக்கிரகக் கதைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நினைவு யாருக்குச் சொந்தம், காலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் மையம். அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

'டாக்டர் ஹூ' பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், நீல நிறக் காவல் பெட்டி போலத் தோன்றும் ஊர்தியில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கோளுக்கும் போவார். சாகும் தறுவாயில் புது உடல் எடுப்பார். அவருடைய இனத்தார் யார் என்பது 1969இல் வந்த 'த வார் கேம்ஸ்' கதையில்தான் தெரிந்தது. அவர்கள் பெயர் 'டைம் லார்ட்ஸ்'. காலப் பிரபுக்கள் என்று சொல்லலாம். மிகப் பழைய நாகரிகம். காலப் பயணத்தைக் கைவசப்படுத்தியவர்கள்.

பெயரைக் கவனியுங்கள். காலத்தை அறிந்தவர்கள் என்றோ காலப் பயணிகள் என்றோ அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்குப் பிரபு இருப்பதுபோலக் காலத்துக்கும் பிரபு. அவர்களுடைய கோள் கேலிஃப்ரே. அங்கே வாழும் எல்லோரும் பிரபுக்கள் அல்ல. தலைநகருக்குள் பிரபுக்கள் இருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே வேறு மக்கள் இருக்கிறார்கள். 1976இல் வந்த 'த டெட்லி அசாசின்' அந்தத் தலைநகரை உள்ளே சென்று காட்டியது. பிரிவுக்கு ஒரு நிறத்தில் அங்கி, தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கழுத்துப்பட்டை, ஓயாத சடங்கு. ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இந்த வரைபடம் புதிதல்ல.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாக் காலத்தையும் பார்க்கலாம், எதிலும் தலையிடக் கூடாது. தலையிட்ட குற்றத்துக்காக டாக்டரை விசாரிக்கிறார்கள். தீமையைக் கண்டால் எதிர்த்தே ஆக வேண்டும் என்று அவர் வாதாடுகிறார். தண்டனையாக அவரைப் பூமிக்கு நாடு கடத்துகிறார்கள். எல்லாச் சக்தியும் உள்ளவன் கை கட்டி நிற்பதற்கு நடுநிலை என்று பெயர் வைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். தெருவில் வன்கொடுமை நடக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் நடுநிலையாளன் அல்ல.

இதைவிட முக்கியமான கதை 2020இல் வந்த 'த டைம்லெஸ் சில்ட்ரன்'. அதில் பிரபுக்களின் மூலக்கதை உடைகிறது. டெக்டியூன் என்ற கேலிஃப்ரே விஞ்ஞானி வேறொரு கோளில் கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து வளர்க்கிறாள். குழந்தை ஒருநாள் பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறக்கிறது. புது உடலோடு எழுகிறது. அந்த ரகசியத்தைப் பிடுங்க அதே குழந்தையின் மேல் மீண்டும் மீண்டும் சோதனை. ஒவ்வொரு முறையும் ஒரு சாவு. கடைசியில் அந்த ஆற்றல் டெக்டியூன் கைக்கு வருகிறது. கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அது வழங்கப்படுகிறது. குழந்தையின் நினைவு அழிக்கப்படுகிறது. அந்தக் குழந்தைதான் டாக்டர். பிரபுக்களின் பெருமை எந்த உடலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த உடலுக்கே அது தெரியாது.

ஆதிக்கத்துக்கு உடலின் உழைப்பு மட்டும் போதாது. அந்த உடலின் நினைவும் வேண்டும். நினைவு போனால் தொடக்கம் மறையும். தொடக்கம் மறைந்த ஆதிக்கம் இயற்கைபோல ஆகிவிடும். சனாதனம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? என்றும் உள்ளது, தொடக்கமும் முடிவும் இல்லாதது. தனக்குத் தேதியே இல்லை என்று சொல்வதுதான் காலப் பிரபுவின் பெரிய ஆயுதம்.

பாபாசாகேப் அம்பேத்கர் அந்த இடத்தில்தான் கை வைத்தார். 1948இல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: தீண்டாமை எப்போது தொடங்கியது? ஏறத்தாழ கி.பி. 400 என்று பதில் சொன்னார். ஆய்வாளர்கள் அந்த ஆண்டை ஏற்கலாம், மறுக்கலாம். அவர் செய்த காரியம் அதைவிடப் பெரிது. தொடக்கமே இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குத் தேதி குறித்தார். தேதி உள்ளது மனிதர் செய்தது. மனிதர் செய்ததை மனிதர் ஒழிக்கலாம்.

அவருக்கு முன்பே இங்கே அயோத்திதாசப் பண்டிதர் இருந்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சொற்களிலும் பண்டிகைகளிலும் வாய்மொழிக் கதைகளிலும் புதைந்து கிடந்த பௌத்த நினைவைத் தோண்டி எடுத்தார். அழிக்கப்பட்ட நினைவை மீட்க அவரிடம் கால இயந்திரம் இல்லை. அச்சு இயந்திரம் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நினைவை மீட்கும்போது, நாங்களும் ஆண்ட பரம்பரைதான் என்று சொல்லும் ஆசை வரும். கதையில் உண்மை தெரிந்த பிறகு டாக்டர், நானே மூலப் பிரபு என்று பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. இறந்த பிரபுக்களின் நினைவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் மேட்ரிக்ஸ் என்ற காப்பகத்தில் சிக்கியிருக்கும் அவர், தன் நினைவுகளை எல்லாம் அதற்குள் கொட்டுகிறார். காப்பகம் அதைத் தாங்க முடியாமல் அவரை விடுகிறது. அம்பேத்கரும் நமக்கு அரச வம்சம் தேடித் தரவில்லை. போரில் சிதறிப்போய் ஊருக்கு வெளியே குடியேறிய மக்கள் என்றே சொன்னார். அந்த நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குப் படைத்தார். மூவரும் அரசர்கள் அல்லர். அவர்களை மறக்காமல் இருப்பதற்கு அவர்கள் ஆண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊருக்குப் போய்த் தேதி கேளுங்கள். பஞ்சமி நிலம் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து வந்தது. உங்கள் ஊரில் அது யாருக்குத் தரப்பட்டது, எந்த ஆண்டு யார் பெயருக்கு மாறியது? பத்திரத்தைப் பாருங்கள். பொதுக்குளத்தில் நம் மக்கள் முதலில் இறங்கியது எப்போது? மகத் குளத்துக்கு 1927 மார்ச் 20 என்ற தேதி இருக்கிறது. உங்கள் குளத்துக்கு என்ன தேதி? தெருவின் குறுக்கே சுவர் இருந்தால், அது எந்த ஆண்டு எழுந்தது, கட்டியவர் யார்? பாட்டிமார்களிடம் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், எழுதியதை அச்சிடுங்கள்.

அப்போது இது காலங்காலமாக இருப்பது என்று யாராவது சொன்னால், இல்லை ஐயா, இந்த ஆண்டு தொடங்கியது என்று நீங்கள் காகிதத்தை நீட்டலாம். நம் தோழரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.