முதல் வேலை, முதல் டாலர்: இணையத்தில் ஃப்ரீலான்ஸ் தொடங்குபவர்களுக்கு



"வீட்டில் இருந்தே ஆன்லைன்ல சம்பாதிக்கணும், எந்த ஆப் டவுன்லோடு பண்ணணும்?" இந்தத் தலைப்பில் பேசப் போகிற இடமெல்லாம் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்ல அரை நிமிஷம் போதும். அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் டாட் காம் மூன்றும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கும் தளங்கள். மூன்றிலும் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: என்னால் என்ன வேலையை முழுசா முடித்துக் கொடுக்க முடியும்? அதை ஒரே வரியில் சொல்ல முடியாத வரைக்கும் மூன்று தளத்திலும் கணக்கு இருந்தாலும் வேலை வராது.

ஃப்ரீலான்ஸ் என்பது மாதச் சம்பளம் இல்லை. நம்ம ஊர் தையல்காரர், பெயின்டர் மாதிரி ஒரு வேலை, அதற்கொரு கூலி, முடிந்ததும் அடுத்த வேலை. தளம் நடுவில் இருக்கிற சந்தை. ஃபைவரில் நீங்க கடை விரிக்கிறீங்க. "இந்த வேலை, இந்த விலை, இத்தனை நாள்" என்று எழுதி வைத்தால் வாங்குபவர் தேடி வருவார். அப்வொர்க்கில் வேலை கொடுப்பவர் அறிவிப்புப் போடுவார், நீங்க விண்ணப்பிக்கணும். சந்தை நடத்துகிறவருக்குக் கமிஷன் உண்டு. ஃபைவர் நூறு டாலருக்கு இருபது டாலர் எடுத்துக்கொண்டு எண்பதைத் தரும். கமிஷன் அதிகம்னு தோணும். ஆனால் வேலை கொடுப்பவர் வேலை தொடங்கும்போதே பணத்தைத் தளத்தில் கட்டிவிட வேண்டும். முகம் தெரியாத ஆள் வேலையை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கமிஷனைக் கொடுக்கிறோம்.

அதனால்தான், பேச்சைத் தொடங்கிய கையோடு "இந்த வேலையை வாட்ஸ்அப்ல வச்சுக்கலாம், ஜிபே-ல பணம் போட்டுடறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்க. தளத்துக்கு வெளியே போனால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதைவிட முக்கியம், பணம் வராவிட்டால் முறையிட இடம் இருக்காது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். "பார்ட் டைம் ஜாப்" என்று உங்க போனுக்கு வருகிற செய்திகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கு. யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்க, ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் கொடுங்க, ஒரு லைக்குக்கு ஐம்பது ரூபாய் என்பார்கள். முதல் நாள் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் நிஜமாகவே வந்து சேரும். நம்பிக்கை பிறப்பது அங்கேதான். மறுநாள் "ப்ரீபெய்டு டாஸ்க்": ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும். அப்புறம் ஐயாயிரம், இருபதாயிரம், ஐம்பதாயிரம். அவர்கள் அனுப்பிய பக்கத்தில் உங்க பெயரில் லட்சக்கணக்கில் இருப்பு காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் ரிலீஸ் ஆகும்" என்பார்கள். அந்த டெலிகிராம் குரூப்பில் "எனக்கு வந்துடுச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிற அத்தனை பேரும் அவர்களுடைய ஆட்களே. இதில் விட்ட பணத்தை மீட்கலாம் என்று நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு.

இன்னொரு வகை, டைப்பிங் வேலை ஒப்பந்தம். ஐந்து நாளில் இத்தனை படிவம் நிரப்பணும், தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கணும் என்று ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தால், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிட்டீங்க" என்பார்கள். இரண்டு நாளில் வக்கீல் பெயரில் வாட்ஸ்அப் நோட்டீஸ் வரும், கோர்ட் முத்திரை மாதிரி ஒன்றும் அதில் இருக்கும். "ஆறாயிரம் கட்டினால் கேஸை வாபஸ் வாங்குகிறோம்." கட்டாதீங்க. கேஸைக் கைவிட யுபிஐ-யில் பணம் கேட்டு எந்த நீதிமன்றமும் செய்தி அனுப்பாது. இதில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டில் சொல்லாமல் முயற்சி செய்கிற பெண்களும் மாணவர்களும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம்தான் அந்த ஆட்களின் மூலதனம்.

ஆக, பணம் எந்தப் பக்கமாகப் போகுது என்று மட்டும் பாருங்க. வேலை கொடுப்பவரிடமிருந்து உங்களுக்கு வரணும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரிலும் உங்களிடமிருந்து அவருக்குப் போகக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீங்க: அப்வொர்க்கில் விண்ணப்பிக்க "கனெக்ட்" என்று ஒன்று வேணும், தீர்ந்துபோனால் காசுக்கு வாங்கணும். அது தளம் வெளிப்படையாகப் போட்டிருக்கிற விலை, தளத்துக்குள்ளேயே கட்டுவது. தப்பில்லை. ஆனால் அதையும் கணக்குப் பார்த்துச் செலவு பண்ணுங்க. கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பித்தால் சம்பாதிக்கும் முன்னாடியே செலவு ஓடிவிடும்.

உங்க கணக்கை மாத வாடகைக்குக் கேட்டும் ஆள் வரும். பிளாட்பார்ம் கணக்கோ வங்கிக் கணக்கோ, இரண்டையும் கொடுக்காதீங்க. அதன் வழியாகத் திருட்டுப் பணம் போனால் போலீஸ் தேடி வருவது உங்க வீட்டுக்குத்தான்.

சரி, நல்ல பக்கத்துக்கு வருவோம். என்ன வேலை செய்யலாம்? லோகோ டிசைன், வெப்சைட் என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்ல வேண்டாம். தமிழ் தெரிந்திருப்பதே ஒரு வேலைதான். தமிழ் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது, வீடியோவுக்குச் சப்டைட்டில், ஆப்களின் வாசகங்களை மொழிபெயர்ப்பது, குரல் பதிவு, எல்லாவற்றுக்கும் இந்தத் தளங்களில் ஆள் தேடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் குவிந்து கிடக்கின்றன. இன்றைய போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கு. "அப்படின்னா ஆள் எதுக்கு?" என்று கேட்கலாம். மாற்றும்போது இடையில் இருக்கிற ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாக மாறி அர்த்தமில்லாமல் நிற்கும். மேற்கோள் குறிகள் சிதறும். 'கௌ' வர வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் 'ள'-வும் தனித்தனியாகக் கிடக்கும். கண்ணால் பார்த்துத் திருத்தத் தமிழ் தெரிந்தவர்தான் வேணும். "பாமினி கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துத் தருவேன்." ஒரே வரி. வாங்குபவருக்கு உடனே புரியும். "தமிழ் தொடர்பான அனைத்துப் பணிகளும் செய்து தரப்படும்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

முன் அனுபவம் இல்லையே என்று கவலை வேண்டாம், மாதிரி ஒன்றை நீங்களே செய்து வைக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய நூல்களின் பக்கங்கள் கிடைக்கும். இரண்டு பக்கத்தை யூனிகோடில் பிழையில்லாமல் அடித்து, அசலையும் உங்க பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிடிஎஃப் ஆக்கிடுங்க. வேலை கேட்கும்போது காட்ட அது போதும்.

"போன் மட்டும் வச்சுப் பண்ண முடியுமா?" கணக்குத் தொடங்க, பதில் எழுத, குரல் பதிவு செய்ய முடியும். நாற்பது பக்கம் தட்டச்சு செய்ய முடியாது. பழைய லேப்டாப் போதும், புதுசு வாங்கக் கடன் மட்டும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வேலைகளைத் தெரிந்தவர் கணினியில் முடித்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

கணக்குத் தொடங்கும்போது நம்மவர்கள் பலர் முட்டிக்கொள்வது பெயரில். முத்துலட்சுமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்க. ஆதாரில் முன்னால் 'எஸ்' என்று இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயரையும் விரித்து முத்துலட்சுமி சுப்பிரமணியன். வங்கியில் பின்னால் இனிஷியல். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். எங்கோ வெளிநாட்டில் இருந்து சரிபார்க்கும் தளத்துக்கு மூன்று பேர். சம்பாதித்த பணம் கைக்கு வராமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எனவே கணக்குத் தொடங்கும் முன்பே ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் வைத்து ஆங்கில எழுத்துகளை ஒப்பிடுங்க. வேறுபாடு இருந்தால் எதைத் திருத்துவது என்று முதலில் முடிவு பண்ணுங்க. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், அவசரப்பட்டுச் செலவழிக்காதீங்க. பெரும்பாலும் வங்கியில் திருத்துவதே சுலபம். தளத்தில் பதியும் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

அப்வொர்க்கில் டபிள்யூ-8பென் என்று ஓர் அமெரிக்க வரிப் படிவம் நிரப்பச் சொல்லும். பயந்து பாதியில் விட்டுவிடாதீங்க. "நான் அமெரிக்கர் இல்லை" என்று சொல்வதற்கான படிவம் அது.

அடுத்து, விண்ணப்பம் எழுதுவது. நமக்கு மனு எழுதிப் பழக்கம். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, எனக்கு ஒரு வாய்ப்பு தந்தால் நன்றியுடன் இருப்பேன்." கலெக்டர் ஆபீசுக்கு அது சரி. இங்கே வேலை கொடுப்பவர் ஐம்பது விண்ணப்பத்தை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகிறார், முதல் இரண்டு வரிதான் அவர் கண்ணில் படும். அதில் உங்க கஷ்டத்துக்கு இடமில்லை, அவருடைய வேலைக்குத்தான் இடம்.

நாற்பது பக்க பாமினி கோப்பை மாற்ற ஒருவர் ஆள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்: "உங்க நாற்பது பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் அசலோடு ஒப்பிட்டுத் தருகிறேன். இதே மாதிரி செய்த இரண்டு பக்கம் இணைப்பில் இருக்கு. நான்கு நாளாகும், முதல் ஐந்து பக்கத்தை நாளைக்கே அனுப்புகிறேன். கோப்பில் ஆங்கிலச் சொற்களும் அட்டவணைகளும் இருக்கின்றனவா?" அவ்வளவுதான். கடைசிக் கேள்வி முக்கியம். வேலை தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும், அவருக்கும் அது புரியும். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதினால் போதும். மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியும் எடுக்கலாம். ஆனால் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டாதீங்க, வருகிற விண்ணப்பங்களில் பாதி அதே குரலில்தான் இருக்கும்.

விலை வைப்பதற்கு முன் மணிக்கணக்குப் பாருங்க. ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய அனுபவசாலிக்கே நாலு மணி நேரம் ஆகும். புதியவருக்கு ஆறு என்று வையுங்க. இருபது டாலருக்கு ஃபைவரில் ஒத்துக்கொண்டால் கைக்கு வருவது பதினாறு. ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு இரண்டரை டாலர் சொச்சம், டாலரை ரூபாயாக மாற்றும் செலவு தனி. முதல் மதிப்புரைக்காக ஒன்றிரண்டு வேலை அப்படிச் செய்யலாம். அதையே வழக்கமாக்கினால் உடம்புதான் தேயும். மூன்று வேலை நல்லபடியாக முடிந்ததும் விலையை ஏற்றுங்க. தயங்க வேண்டாம்.

பணம் உடனே வராது, அதையும் இப்பவே சொல்லிடறேன். ஃபைவரில் புதியவருக்கு, வேலை முடிந்ததாகப் பதிவான பிறகு 14 நாள் காத்திருக்கணும். அப்வொர்க்கில் மொத்த விலை பேசிய வேலை என்றால், நீங்க ஒப்படைத்ததைப் பார்த்து ஒப்புதல் தர வேலை கொடுத்தவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு, அதற்கு மேல் 5 நாள். வாடகையையோ பள்ளிக் கட்டணத்தையோ இதை நம்பி வைக்காதீங்க. இருக்கிற வேலையை விடவும் வேண்டாம். ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை என்று தொடங்கினாலே போதும்.

வரி பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் இருந்து வந்தாலும் அது உங்க வருமானம், கணக்குக் காட்டணும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் அதிகமாகும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிநாட்டுப் பணம் வரும்போதெல்லாம் அதற்கான வரவுச் சான்றை வங்கியிலோ பணம் அனுப்பும் சேவையிலோ கேட்டு வாங்கிச் சேமிங்க. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கும் மேனேஜரிடம் அந்தத் தாள்களும் வருமான வரிக் கணக்கும்தான் பேசும்.

யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால், இன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்க. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் பக்கத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. அனுப்பிய கணக்கு விவரம், பரிவர்த்தனை எண், சாட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. வெட்கப்பட்டு அந்த குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்க.

இனி உங்க கேள்விகள். யாருக்காவது ஆதாரிலும் பானிலும் பெயர் வேறுவேறாக இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.