ஒரே வாசலில் சத்தும் வருது, நஞ்சும் வருது!

(ஒன்றிய மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நெல் அறுக்கப் போன கை கீறாமல் திரும்பியது உண்டா? தாள் ஓரம் அரம் மாதிரி அறுக்கும். அந்த அரம்தான் சிலிக்கான். மணலில் இருக்கிற அதே பொருள். நெல் அதைத் தண்ணீரோடு வேரில் உறிஞ்சி, தண்டு வழியாக ஏற்றி, இலைத் தோலுக்கு அடியில் கண்ணாடிப் பூச்சு மாதிரி படிய வைக்கிறது. அதனால்தான் பயிர் சாயாமல் நிற்கிறது. குலைநோயும் தண்டுத்துளைப்பானும் சுலபமாக உள்ளே புக முடிவதில்லை. தழைச்சத்தை விட அதிகமாக நெல் எடுப்பது இதைத்தான். ஆனால் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிற நாம், இதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

சிலிக்கான், போரான், ஆர்சனிக் மூன்றையும் உலோகப்போலி என்று பாடப்புத்தகம் சொல்லும். போரான் குறைந்தால் தென்னையில் குருத்தோலை விரியாமல் சிக்கிக்கொள்ளும். கூடினால் இலை நுனி கருகும். ஆர்சனிக்கோ நஞ்சு.

அந்த நஞ்சு நெல்லுக்குள் எப்படிப் போகிறது? 2006-ல் ஜப்பானில் ஒகாயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர், நெல் வேரில் சிலிக்கானை உள்ளே விடுகிற வாசலைக் கண்டுபிடித்தார்கள். 2007-ல், அதைத் தண்டுப் பக்கம் அனுப்புகிற இரண்டாவது வாசலைக் கண்டார்கள். 2008-ல் வந்தது அதிர்ச்சியான சேதி: ஆர்சனிக்கும் அதே வாசல்கள் வழியாகத்தான் போகிறது!

வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டிக் கிடந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் மண்ணிலுள்ள இரும்புத் துரு கரையும். அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் அவிழ்ந்து, சிலிக்கான் வேடம் போட்டு வரும். காவல்காரன் ஆள் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறான்.

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆற்று வண்டலில் இயற்கையாகவே கிடந்த ஆர்சனிக், குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் வந்தது. மேற்கு வங்கத்தில் 1980-களில் ஜனங்கள் தோலில் புள்ளியும் தடிப்பும் வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல்லிலும் ஏறியது. நம்ம ஊரிலும் இருக்கிறது என்று நாங்கள் பயமுறுத்த வரவில்லை. பார்க்காமல் இருக்காதீர்கள் என்றுதான் அரசைக் கேட்கிறோம். 2015-ல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. போரான் இருக்கிறது, சிலிக்கான் இல்லை, ஆர்சனிக்கும் இல்லை. ஆனால் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசியில் கனிம ஆர்சனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்று 2014-லேயே வரம்பு போட்டுவிட்டது. நாளைக்குச் சோதனையில் கழித்துக் கட்டினால் நஷ்டம் யாருக்கு? வியாபாரிக்கா? நமக்குத்தான்!

வழி இருக்கிறது. மண்ணில் சிலிக்கான் நிறைந்திருந்தால் வாசலில் அதன் கூட்டம்தான் நிற்கும். நஞ்சுக்கு இடம் குறையும். உமிச் சாம்பலில் நூற்றுக்கு 80-க்கு மேல் சிலிக்காதான். கரி உமி இன்னும் சீக்கிரம் கரையும். ஆனால் நம்ம வைக்கோல் கட்டுக்கட்டாக லாரி ஏறுகிறது, நம்ம உமி ஆலைக் கொதிகலனில் வேகிறது. எடுத்தது எதுவும் வயலுக்குத் திரும்புவதில்லை.

இரண்டாவது வழி, காய்ச்சலும் பாய்ச்சலும். ஓட்டை போட்ட குழாய்த் துண்டைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கிற தருணத்தில் காயவிடக்கூடாது. ஒரேயடியாக வெடிக்கக் காயவிட்டாலும் ஆபத்து, காட்மியம் என்ற இன்னொரு நஞ்சு ஏறும்.

இதை நமக்குச் சொல்லிக் கொடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். நாம் கேட்கிறோம்: முறைத் தண்ணீர் என்றைக்கு வரும், கரண்டு எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாதவன் வயலைக் காயவிடுவானா? வந்தபோது நிரப்பிக் கட்டத்தான் செய்வான். நஞ்சைத் தடுக்கிற சாவி வாய்க்கால் மதகில் இருக்கிறது!

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. முறைத் தண்ணீர் நாளையும் மின்சார நேரத்தையும் முன்கூட்டியே அறிவி, அறிவித்தபடி கொடு!

2. மண் சோதனையில் சிலிக்கானையும், பாசன நீர்ச் சோதனையில் ஆர்சனிக்கையும் இலவசமாகச் சேர்!

3. ஆலைச் சாம்பலைக் கூட்டுறவுச் சங்கம் மூலம் வயலுக்குத் திருப்பு!

4. மண்ணிலும் நீரிலும் வந்த நஞ்சுக்கு விவசாயியைத் தண்டிக்காதே!

வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். ஆளுக்கொரு பிடி உமி கொண்டு வாருங்கள். எங்கள் சத்தை எங்கள் மண்ணுக்குத் திருப்பிக் கொடு என்று உரக்கக் கேட்போம்!

போராடுவோம்! வெற்றி பெறுவோம்!