லீவு வீட்டுப் பெண்களுக்கும்தான்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று. நம்மில் பல குடும்பங்கள் மெட்ராஸ் புறப்படத் தயாராகின்றன. சாச்சா வீடு, மாமி வீடு, திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ் என்று ஆளுக்கொரு ஏற்பாடு இருக்கும். போய் வாருங்கள், சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஆனால் சென்ற பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போங்கள். "லீவு என்றால் எங்களுக்கு அடுப்பு மட்டும்தான் மாறுகிறது" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் உரிமைகள் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. வணக்கத்தில் மூழ்கியவருக்கே அப்படி என்றால், உல்லாசப் பயணம் போகிற நமக்குச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு செய்தியும் நமக்குத் தெரிந்ததுதான். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நபி (ஸல்) அவர்கள் அவர்களை மறைத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம்? ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பார்த்துச் சலிக்கும் வரை. போதும் என்று முடிவு செய்தது யார் என்பதைக் கவனியுங்கள். நாமோ கடற்கரையில் பத்து நிமிடம் ஆவதற்குள், "போதும், கிளம்பு" என்கிறோம்.

திருவல்லிக்கேணியையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு தங்க நல்ல இடம். இரவு ரயிலில் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம். அங்குள்ள மேன்ஷன்கள் பெரும்பாலும் தனி ஆண்களுக்கானவை. ஆகவே குடும்ப அறை உள்ள லாட்ஜாக முன்கூட்டியே பேசி வையுங்கள். பார்க்க வேண்டியவை பலவும் நடக்கும் தூரத்தில் இருப்பதால், களைத்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். இதன் அருமை பெண்களுக்குத்தான் தெரியும். கழிப்பறை எங்கே இருக்குமோ என்று பயந்து, வெளியே போனால் தண்ணீரே குடிக்காத பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அக்கினி நட்சத்திர வெயிலில் அது உடம்புக்கு எவ்வளவு கேடு! உளூச் செய்ய, தொழ, கழிப்பறைக்குப் போக எங்கே வசதி உண்டு என்பதை விசாரித்து வைப்பது ஆண்களின் வேலை.

காலையில் வெயில் ஏறுமுன் வாலாஜா பெரிய பள்ளிக்குப் போங்கள். 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கருங்கல்லால் கட்டியது. உள்ளே பொறித்திருக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் ராஜா மக்கன்லால் என்ற இந்து அறிஞர். ரமலானில் நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறவர்களும் சிந்தி இந்து அன்பர்களே. 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்கள் அடங்கியிருப்பதும் அந்த வளாகத்தில்தான். பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் காட்டுங்கள். பாடப் புத்தகத்தைவிட மனதில் நிற்கும்.

நடுப்பகலில் அறையில் படுத்து ஓய்வெடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. அந்த நாளை ஜும்ஆவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அஸருக்குப் பிறகு ஜாம்பஜார் வழியாக, இன்று பாரதி சாலை எனப்படும் பழைய பைகிராப்ட்ஸ் ரோட்டில் நடங்கள். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கும். ஆளுக்கொரு புத்தகம் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அந்தச் சாலை நேரே மெரினாவில் கொண்டுபோய் விடும். அங்கே உருண்டையான கட்டடமாக நிற்கும் ஐஸ் ஹவுஸைக் காட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842இல் கட்டியது. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. அதன் எதிரே மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் உம்மாவையும் கடலருகே அழைத்துப் போகலாம். ஆனால் கடலில் இறங்கிக் குளிக்க எவரையும் விடாதீர்கள். அங்கே அலையின் இழுப்பு அதிகம். உயிரிழப்புகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்கும் தம்ரூட்டுக்கும் அந்தப் பேட்டையில் பஞ்சமில்லை. "ஸ்டவ் கொண்டு போனால் செலவு மிச்சம்" என்பார்கள் சிலர். மிச்சமாவது பணம், செலவாவது யாருடைய உழைப்பு?

சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்து மூன்று நாள்; அதற்கு மேல் அது தர்மம் என்றும், வீட்டாருக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். நகரத்து வீடு இரண்டு அறை. நாம் ஆறு பேர் போய் இறங்கினால், அந்த வீட்டு மச்சிக்கு ஏது லீவு? அங்கே போனால் அரிசி, காய்கறி வாங்கிக் கொடுங்கள். ஒருவேளையாவது அவர்களையும் வெளியே அழைத்துப் போய்ச் சாப்பிட வையுங்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குள்ள உரிமை அந்த வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு.

பயணத் தொழுகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நுழையும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால், ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈகளுக்கு உண்டு; ஹனஃபிகளுக்கு இந்தப் பயணத்தில் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இருவருமே முழுமையாகத் தொழ வேண்டும்.

கடைசியாகப் பணம். வட்டிக்கு வாங்கியோ, மனைவியின் நகையை வட்டிக்கடையில் அடகு வைத்தோ எவரும் ஊர் சுற்ற வேண்டாம். ஐந்து நாள் முடியாவிட்டால் இரண்டு நாள் போதும். பெரிய பள்ளிக்கும் கடற்கரைக்கும் டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்கு வேண்டியது வாப்பாவின் நேரம்; உம்மாவுக்கு வேண்டியது கொஞ்சம் ஓய்வு.

அதனால், ரயில் டிக்கெட் எடுக்குமுன் இன்றிரவே வீட்டில் கேளுங்கள்: "உனக்கு எங்கே போக வேண்டும்? என்ன பார்க்க வேண்டும்?" பல வீடுகளில் இதுவரை கேட்கப்படாத கேள்வி அது. உடனே பதில் வராது. பொறுமையாகக் காத்திருந்து கேளுங்கள்.

போகிறவர்களின் பயணத்தை வல்ல அல்லாஹ் நலமாக்கி, பாதுகாப்பாக ஊர் திரும்பச் செய்வானாக! போக வசதியில்லாத குடும்பங்களுக்கும் அவன் அந்த வாய்ப்பைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.