கார் யார் பெயரில் இருக்கிறது?

(திண்டிவனம் மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் திரும்பும் நம் பிள்ளைகள், சேர்த்த பணத்தில் முதலில் தேடுவது ஒரு பழைய காரை. இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால், "நம்ம ஜமாஅத் ஆளுதான் மாமா, கேட்டா தப்பா நெனைப்பாரு" என்கிறார்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வைக்கச் சொல்வதும் அதே வசனம். முன்பின் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. தாராளமாகக் கேளுங்கள்.

புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் பி.ஒய். 01 வண்டிகள் நம் ஊருக்கு நிறைய வருகின்றன. விலையும் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் அதை இங்கேயே வைத்து ஓட்ட வேண்டுமானால், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 16 அல்லது டி.என். 32 எண்ணுக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ இருந்தால், கடன் பதிவு இன்னும் நீங்கவில்லை. தவணை முடிந்துவிட்டது என்ற வாய்ப்பேச்சு போதாது. நிறுவனத்தின் கடிதமும் அது கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டு வண்டி விவரம், காப்பீடு, பாக்கி அபராதம் எல்லாம் பாருங்கள். சேசிஸ் எண்ணை வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

விற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். படிவம் 29-லும் 30-லும் வெறுமனே கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். இப்படிப் பெயர் மாறாமலே பல கை மாறிய ஒரு வண்டி 2009-இல் விபத்தில் சிக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எப்போதோ விற்றுவிட்டதாகச் சொன்ன, ஆர்.சி.யில் பெயர் இருந்தவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்று தீர்ப்பளித்தது. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

தாள்கள் புரியவில்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. நகலோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கொடுத்த பிறகு வந்தால் புரோக்கரைத் தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது.