திருவனந்தபுரத்துப் பெரிய சாலை



கேரள மாநிலத்தின் தலைநகர் திருவனந்தபுரம். கடலோரத்தில் இருக்கும் நகரம். இந்த நகரின் நடுவே ஒரு பெரிய சாலை போகிறது. அதற்கு மகாத்மா காந்தி சாலை என்று பெயர். எம்.ஜி. ரோடு என்று சுருக்கிச் சொல்வார்கள். தினமும் ஆயிரக்கணக்கான மக்கள் அதில் போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் அந்தச் சாலையின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

வாருங்கள், கிழக்குக் கோட்டையில் தொடங்கி வடக்கே நடக்கலாம்.

கிழக்குக் கோட்டை பழைய கோட்டையின் வாசல். எந்த நேரமும் பஸ்களும் கூட்டமுமாக இருக்கும். கோட்டைக்கு உள்ளே பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது. கோட்டைக்கு வெளியே பெரிய கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவின் பெயரே சாலை. தமிழ் வியாபாரிகள் பல தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். அங்கே தேங்காய் உடைக்கும் சத்தம் ஓயாது.

இன்னும் வடக்கே நடந்தால் ஒரு பஸ் நிறுத்தம் வரும். கண்டக்டர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று கூப்பிடுவார். ஸ்டாச்சு என்றால் சிலை. யாருடைய சிலை? திவான் மாதவராவ் சிலை. இவர் 1828-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் என்ற தனி நாடாக இருந்தது. மன்னருக்கு அடுத்த பெரிய பதவி திவான் பதவி. மாதவராவ் 1857 முதல் 1872 வரை அங்கே திவானாக இருந்தார்.

சிலைக்கு எதிரே நீளமான வெள்ளைக் கட்டடம் தெரிகிறது அல்லவா? அதுதான் தலைமைச் செயலகம். மாதவராவ் காலத்தில், 1865-இல் வேலை தொடங்கி 1869-இல் முடிந்தது. பார்ட்டன் என்ற பொறியாளர் இதைக் கட்டினார். கேரள அரசின் தலைமை அலுவலகம் இன்றும் இதுதான். கோரிக்கையோடு வருகிற மக்கள் இதன் வாசலில் கூடுகிறார்கள்.

சற்றுத் தூரம் நடந்தால் யுனிவர்சிட்டி கல்லூரி. 1866-இல் கல்லூரியானது. அதன் அருகில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. 1896-இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர் இல்லை. 2019-இல் அதற்கு அய்யன்காளி மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள்.

யார் இந்த அய்யன்காளி?

அவர் ஒரு புலையர் குடும்பத்தில், வெங்ஙானூர் என்ற ஊரில் 1863-இல் பிறந்தார். அந்தக் காலத்தில் புலையர்கள் பொதுச் சாலையில் நடக்க முடியாது. நல்ல உடை உடுத்த முடியாது. கோயிலுக்குள் போக முடியாது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. அய்யன்காளிக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனால் அவர் அடங்கிப் போகவில்லை. 1893-இல் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை உடை உடுத்தினார். தலைப்பாகை கட்டினார். பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினார். அடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்.

பிறகு பள்ளிக்கூடத்துக்காகப் போராடினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைக்கும் மக்கள் வேலையை நிறுத்தினார்கள். வயல்களில் களை மண்டியது. கூலி இல்லாமல் பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. ஊரூட்டம்பலம் என்ற ஊரில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துப் போனார். அதைப் பொறுக்காதவர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

திருவிதாங்கூரில் அப்போது ஒரு மக்கள் சபை இருந்தது. அது கூடிய இடம் இந்த மண்டபம். அய்யன்காளி அந்தச் சபைக்கு உறுப்பினர் ஆனார். 1912-இல் முதல் முறையாகப் பேசினார். தம் மக்களுக்கு நிலம் கேட்டார். பள்ளிக்கூடம் கேட்டார். படித்தவர்கள் நிறைந்த சபையில், படிக்காத ஒருவர் எழுந்து நின்று கேட்டார்!

1936 நவம்பர் 12-ஆம் தேதி, எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று மன்னர் சித்திரைத் திருநாள் அறிவித்தார். அடுத்த ஆண்டு காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தார். அவரிடம் அய்யன்காளி தம் ஆசை ஒன்றைச் சொன்னார். பொன்னும் பொருளும் அல்ல. தம் சமூகத்தில் 10 பேராவது பி.ஏ. படித்துத் தேற வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. 1941-இல் அவர் காலமானார்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் பாளையம். அங்கே பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் அருகருகே இருக்கின்றன. நாட்டு விடுதலைக்காக உயிர் கொடுத்த தியாகிகளுக்கு ஒரு நினைவுத் தூணும் நிற்கிறது. 1998-இல் திறந்த புதிய சட்டசபைக் கட்டடமும் இந்தப் பக்கம்தான்.

நண்பர்களே! ஒரு காலத்தில் சாலையில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. இன்று எல்லாரும் நடக்கிறோம். அன்று பள்ளியில் சேர்வதற்கே வயிற்றைக் கட்டிப் போராடினார்கள். இன்று படிக்கும் வாய்ப்பு வீடு தேடி வருகிறது. அதை நழுவ விடலாமா?

அடுத்த முறை திருவனந்தபுரம் போனால், அந்த மண்டபத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அய்யன்காளியின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சாலைக்கும் ஒரு கதை இருக்கும். வயதானவர்களிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.