மேசை நடுவே அடுப்பு

கொரியச் சுட்டிறைச்சி உணவகத்தில் அடுப்பு மேசையின் நடுவில் இருக்கிறது. சமையலறையிலிருந்து பச்சைக்கறிதான் வரும். சுடுவதும் பதம் பார்ப்பதும் உண்பவர் வேலை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு இந்தக் கடைகளைக் கொண்டுவந்தது கார்த் தொழில். ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் கால் வைத்தது. இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2007-இல் சாம்சங்கும் சேர்ந்துகொண்டது. வந்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டியிருந்தது. விடுதிகளும் குடும்பமே நடத்தும் சிறு உணவகங்களும் அதற்காகத் தோன்றியவை. வல்லம் வடகால் சிப்காட் வளர்ந்தபின், கொரியரோடு வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளர்களும் அங்கே உட்காரத் தொடங்கினார்கள்.

பெரும்பாலானோர் கேட்பது சம்க்யோப்சல் என்னும் பன்றி வயிற்றுக்கறி. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்காக இருக்கும் தடித்த துண்டு. உப்போ மசாலாவோ கிடையாது. இரும்புத்தட்டு சற்றுச் சாய்வாக இருக்கும். உருகும் கொழுப்பு தாழ்ந்த பக்கம் வடிய, அங்கே கிம்ச்சியை வைத்து வதக்குவார்கள். கறியை அடிக்கடி புரட்டக் கூடாது. ஒருபுறம் பொன்னிறமானதும் இடுக்கியால் திருப்பி, மறுபுறமும் சிவந்தபின் கத்தரிக்கோலால் ஒரு வாய்க்கு ஒரு துண்டாக நறுக்க வேண்டும். சுக்கா வறுவலில் பழகிய கை இங்கேதான் தடுமாறும். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால் கறி விறைத்துப்போகும். புல்கோகியின் கணக்கு வேறு. மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி சோயா சாறு, சர்க்கரை, பூண்டு, பேரிக்காய் விழுது, நல்லெண்ணெய் ஆகியவற்றில் ஊறியிருக்கும். சர்க்கரை சட்டென்று கருகும் என்பதால் கண்ணை எடுக்க முடியாது.

வெந்த துண்டை லெட்யூஸ் இலையில் வைத்து, சுட்ட பூண்டும் சம்ஜாங்கும் சேர்த்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். சம்ஜாங் என்பது புளிக்கவைத்த சோயா விழுதும் மிளகாய் விழுதும் கலந்த கெட்டித் துவையல். கடித்துக் கடித்துத் தின்றால் பொட்டலம் பிரிந்து எல்லாம் மடியில் விழும். மேசையில் மூத்தவர் எடுத்த பிறகே இளையவர் எடுப்பது கொரிய மரியாதை.

சுடும் வேலை வாடிக்கையாளருடையது என்றால் கடைக்காரரின் திறமையை எதில் காண்பது? சிறு கிண்ணங்களில். பஞ்சன் என்னும் இந்தத் தொடுகறிகள், சாப்பாட்டு ஹோட்டலின் பொரியல் போலக் கேட்கக் கேட்கக் காசில்லாமல் வரும். முளைகட்டிய பயறு, கீரை, முள்ளங்கி, சிறு கருவாடு எனக் கடைக்குக் கடை மாறினாலும் கிம்ச்சி மட்டும் தவறாது. முட்டைக்கோஸ் வகைக் கீரையை உப்பில் வாட்டி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால் அல்லது மீன் சாறு தடவிப் புளிக்க வைப்பார்கள். குளிர்காலத்துக்கு முன் அண்டை அயலார் கூடி இதைப் போட்டுவைக்கும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காஞ்சிபுரம் மாவட்ட வெயிலில் அந்தக் குளிர்காலம் குளிர்பெட்டிக்குள்தான். வெளியே வைத்தால் சீக்கிரமே புளிப்பு மிஞ்சிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, புதியதைப் பச்சையாகவும் புளித்ததைச் சூப்பிலும் செலவழிக்கும் கடையே நல்ல கடை. கறி எங்கும் வாங்கலாம். இந்தக் கைப்பக்குவத்தை வாங்க முடியாது.

யார் சுடுவது என்பதில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள குடும்பச் சுட்டிறைச்சிக் கடைகள் இதற்கு நேர் எதிர். அங்கே தணல் கடைக்காரர் கையில். ஆட்டு விலா, முயல், பொத்திஃபாரா என்னும் பன்றிக்கறித் தொத்திறைச்சி எல்லாம் சுட்டே வரும். பூண்டும் எண்ணெயும் இடித்த அலியோலி உடன் வரும். வால்ஸ் நகரத்துக் குளிர்கால விருந்தில் மட்டும் உண்பவருக்கும் கைவேலை உண்டு. திராட்சைக்கொடிச் சுள்ளித் தீயில் கருக்கிய கால்சோட் என்ற நீள வெங்காயம் கூரையோட்டில் வரும். கரித்தோலை உருவி, பாதாமும் தக்காளியும் அரைத்த சாற்றில் தோய்த்து, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். சட்டை தப்பக் கழுத்தில் துணி கட்டிவிடுவார்கள்.

கொரிய மேசையில் சோறோ நூடுல்ஸோ கடைசியில்தான் வருகிறது. ஐஸ் மிதக்கும் குழம்பில் நூடுல்ஸ் ஒரு வழி. வெயிலுக்கு அது உகந்தது. ஆனால் சுவைக்கு மற்ற வழியே மேல்: தட்டைக் கழுவாமல், மிகுந்த கொழுப்பை மட்டும் வழித்துவிட்டு, சோறும் நறுக்கிய கிம்ச்சியும் போட்டு அழுத்திப் பரப்புவது. கிளறாமல் விட்டால் அடியில் காந்தல் பிடிக்கும். அதைக் கரண்டியால் சுரண்டித் தின்ற பிறகே அடுப்பை அணைப்பார்கள்.