செம்பனைக் குலையும் குழந்தையின் முன்பல்லும்



தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்கள் நம் கம்போங் மேடான் வட்டாரத்தில் ஏராளம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் எழுந்தது. செம்பனை ஆலையில் குலையை ஆவியில் வேகவைத்துப் பழத்தை உதிர்த்த பின் வெற்றுக் குலை மிஞ்சும். அது பழக்குலை எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை எரித்தார்கள், மரத்தடியில் பரப்பினார்கள். அந்த நாரில் மிகுதியாக இருப்பது செல்லுலோஸ். லிக்னினை நீக்கி, வெளுத்து, அமிலத்தில் பக்குவப்படுத்தினால் நானோ அளவிலான இழைகளும் படிகங்களும் கிடைக்கின்றன.

அந்தச் செல்லுலோஸைப் பல்லுக்குள் ஏன் வைக்க வேண்டும்?

எட்டு வயதுப் பிள்ளை ஓடி விளையாடும்போது விழுந்து முன்பல்லில் அடிபடுகிறது. அந்த வயதில் பல் வெளியே வந்திருந்தாலும் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. நுனி திறந்தே இருக்கும், சுவரும் மெல்லியது. உள்ளிருக்கும் பற்கூழ் செத்துவிட்டால் வேரின் வளர்ச்சி அன்றோடு நிற்கும். நம் காட்டு மரப்பால் கட்டாப்பெர்ச்சா 1843 முதல் ஐரோப்பியருக்கு அறிமுகமாகி, இன்றும் உலகெங்கும் வேர்க்குழாயை அடைக்கிறது. ஆனால் அடைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மெல்லிய சுவர் மெல்லியதாகவே இருந்து, பின்னொரு நாள் முறிந்துபோகலாம்.

2000களில் பரவிய மாற்று முறையில், மருத்துவர் குழாயைக் கழுவி, மருந்து வைத்து, கிருமி அடங்கியதும் மெல்லிய ஊசியால் வேர்நுனிக்கு அப்பால் குத்தி இரத்தம் வரவழைக்கிறார். உள்ளே உறையும் இரத்தம்தான் சாரக்கட்டு. வேர்நுனித் திசுவின் குருத்தணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. பல பிள்ளைகளுக்கு வலியும் வீக்கமும் தீர்கின்றன. ஆனால் இரத்தக்கட்டு நம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. சிலருக்கு இரத்தமே வராது. வந்தாலும் கட்டு சுருங்கும். உள்ளே வளர்வதும் பெரும்பாலும் எலும்பையோ வேர்ப்பூச்சையோ ஒத்த திசு, உண்மையான பற்கூழ் அல்ல. இந்த இடத்துக்குத்தான் அந்த நானோ இழைகளால் ஆன செல்லுலோஸ் கூழ்மம் தேவை என்கிறேன்.

சிக்கல் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனித உடலில் கிடையாது. வைத்தது வைத்தபடி கிடந்தால் புதுத் திசுவுக்கு இடம் ஏது? அதனால் ஆக்சிஜனேற்றம் செய்கிறோம். பல் பிடுங்கிய குழியில் இரத்தம் நிறுத்த மருத்துவர் வைக்கும் வலை போன்ற துணி ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸ்தான். சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் அது கரையும்போது சுற்றுப்புறத்தை அமிலமாக்குகிறது. இரத்தத்தை நிறுத்த அந்த அமிலம் உதவலாம். குருத்தணுவுக்கு அது கேடு. பெர்அயோடேட் கொண்டு ஆக்சிஜனேற்றினால் எவ்வளவு ஏற்றுகிறோமோ அதற்கேற்பக் கரையும் வேகத்தை மாற்றலாம். கூட்டினால் ஆல்டிஹைடு மிகுந்து உயிரணுவுக்கு நஞ்சாகும், குறைத்தால் கரையாது. இந்த அளவைக் கண்டுபிடிப்பதே ஆய்வின் உயிர்நாடி. வெறும் செல்லுலோஸில் உயிரணு ஒட்டாது என்பதால் ஜெலட்டினையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முழுப் பல்லையே வளர்ப்போம் என்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஊசி வழியே இறங்கி, குழாய்க்குள் தங்கி, திசு வளர வளர வழிவிட்டு விலகும் கூழ்மம் ஒன்று கிடைத்தால் அதுவே பெரிய காரியம். ஆலைக்கு ஆலை, குலைக்குக் குலை நார் மாறும். ஒரே தரத்தில் தூய்மைப்படுத்தி, பாக்டீரிய நச்சு நீக்கி, உடலுக்கு ஒத்துப்போகிறதா எனப் பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனைகளைக் கடந்த பிறகே பிள்ளையின் வாய்க்கு அருகில் கொண்டுபோகலாம்.

பெற்றோருக்கு ஒன்று. எந்தச் சாரக்கட்டு வந்தாலும் அதில் ஏற உயிருள்ள குருத்தணு வேண்டும். தாமதித்தால் அது மிஞ்சாது. நிலைப்பல் அடியோடு கழன்று விழுந்தால் வேரைத் தேய்க்காதீர்கள். உடனே பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள்.